தாழ்மையாக விலகிக்கொண்டேன் என்று புகழ்கிறார்கள். என் உள்ளம் அப்படி இல்லை

கேள்வி
பதிவிட்டவர்: டெனர் குரல்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில் 22 ஆண்டுகளாகப் பாடகர் குழுவை நடத்தி வருகிறேன். ஊரில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை, முகம் தெரியாத உங்களிடம் எழுதிக் கேட்கிறேன்.

எங்கள் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையன்று, ஆர்கன் இல்லாமல் நான்கு குரல்களில் ஒரு பாட்டைப் பாடுவது பல ஆண்டு வழக்கம். அதை நடத்துவது எப்போதும் நான்தான். இந்த ஆண்டு எங்கள் சேகரத்துக்கு (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்துக்கு) புதிதாக வந்த குருவானவர், பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பு என்னை அழைத்து, "இந்த முறை அந்தத் தம்பி நடத்தட்டுமே" என்றார். அவர் சொன்ன தம்பி, ஒன்பது வயதில் என்னிடம் சோல்ஃபா (சுரங்களை டோ, ரே, மி என்று வாசித்துப் பாடும் முறை) படிக்க வந்தவன். கைத்தாளம் போடுவதிலிருந்து மூச்சை எங்கே எடுப்பது என்பதுவரை என்னிடம் கற்றவன். "தாராளமாக நடத்தட்டும் ஐயா, எல்லாம் தேவனுடைய மகிமைக்காகத்தானே" என்று உடனே சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னபோது பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

பண்டிகையன்று பின்வரிசைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நான் அங்கே உட்கார்ந்திருப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவன் குழுவின் முன் வந்து நின்று, ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு சுருதி கொடுத்துத் தொடங்கினான். முதல் சரணம் நன்றாகவே போயிற்று. இரண்டாம் சரணத்தில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், மேலே ஏறும் இடத்தில் குரல்கள் எட்டாமல் பிசிறின. அந்தக் கணத்தில் என் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் பிறந்தது. அது எவ்வளவு தெளிவான சந்தோஷம் என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர் நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ஆராதனை முடிந்து அசனப் பந்தியில் உட்கார்ந்தபோது, இலையில் சோறு விழுவதற்கு முன்பே மூப்பர் ஒருவர் என் தோளைத் தட்டி, "உன்னைப் போல விட்டுக்கொடுக்கிற தாழ்மை யாருக்கு வரும்?" என்றார். "நான் ஒன்றுமில்லை அண்ணாச்சி, எல்லாம் கிருபை" என்று சொன்னேன். அந்த வார்த்தை என் வாயில் தித்தித்தது.

அன்று இரவு முதல் எனக்கு நிம்மதி இல்லை. "அழிவுக்கு முன்னானது அகந்தை" என்பது சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம். அது வேறு யாரோ பெரிய மனிதர்களுக்காக எழுதப்பட்டது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன் போலும். என்னை நானே சோதித்துப் பார்க்கிறேன். சோதிக்கச் சோதிக்க, "இவ்வளவு நுட்பமாகத் தன் பாவத்தைக் காண்கிறவன் நான்" என்று அதிலும் ஒரு மிதப்பு எழுகிறது. சேற்றில் ஒரு காலை எடுத்தால் மறுகால் புதைவதைப் போல இருக்கிறது. பாடகர் குழுவை விட்டே விலகிவிடுவது நல்லதா? இதிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


மறுமொழி
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

அன்புள்ள தம்பி, உங்கள் பதிவை வாசித்தவுடன் எனக்கு உசியா ராஜாவின் நினைவு வந்தது. 2 நாளாகமம் 26-ஆம் அதிகாரத்தை இன்றிரவு நிதானமாக வாசித்துப் பாருங்கள். பெருமையைப் பற்றிப் பேசும்போது நம் பிரசங்கங்களில் நேபுகாத்நேச்சாரும் கோலியாத்தும் வருகிற அளவுக்கு இந்த மனிதன் வருவதில்லை. எனக்கோ, சபைக்குள் பிறந்து வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு இவனைவிட நெருங்கிய எச்சரிக்கை வேதத்தில் இல்லை என்றே தோன்றுகிறது.

உசியா பதினாறு வயதில் அரசனாகி 52 ஆண்டுகள் எருசலேமில் ஆண்ட யூதாவின் ராஜா. தேவனைத் தேடினவன். பெலிஸ்தரோடு போர்செய்து காத், யப்னே, அஸ்தோத் ஆகிய ஊர்களின் மதில்களை இடித்தான். எருசலேமில் கோபுரங்களைக் கட்டினான். வனாந்தரத்திலும் கோபுரம் கட்டி, அநேகம் துரவுகளை வெட்டினான். அவன் வெள்ளாண்மையில் பிரியமுள்ளவன் என்று ஒரு வரி அங்கே இருக்கிறது. வேறெந்த ராஜாவைப் பற்றியும் இவ்வளவு அன்பான ஒரு வரியை நான் வாசித்ததில்லை. பிறகு, அவன் பலப்படுமட்டும் ஆச்சரியமான உதவி கிடைத்தது என்று சொல்லி, அடுத்த வசனத்திலேயே, அவன் பலப்பட்டபோது மனம் மேட்டிமையாயிற்று என்கிறது வேதம். கிடைத்த உதவிதான் பலமாயிற்று. அந்தப் பலம் தன்னுடையது என்று நினைத்த இடத்தில் அவன் விழுந்தான்.

விழுந்த இடம் எது என்பதைக் கவனியுங்கள். அவன் பாகாலின் கோவிலுக்குப் போகவில்லை, அயலான் மனைவியை இச்சிக்கவில்லை. கர்த்தருடைய ஆலயத்துக்குள், கர்த்தருக்குத் தூபம் காட்டத்தான் போனான். காரியம் நல்ல காரியம். ஆனால் அது அவனுக்குக் கொடுக்கப்பட்ட காரியம் அல்ல. அசரியா என்ற ஆசாரியனும் அவனோடு எண்பது ஆசாரியரும் உள்ளே வந்து, "இது உமக்குரியதல்ல" என்று எதிர்த்து நின்றார்கள். அப்போது உசியா கோபங்கொண்டான். தூபகலசம் கையில் இருக்கும்போதே, கோபத்தோடு நின்ற அந்த நிலையிலேயே, அவன் நெற்றியில் குஷ்டம் தோன்றியது.

எத்தனையோ ஆண்டுகள் இந்தப் பகுதியை வகுப்பில் சொல்லிக்கொடுத்த பிறகுதான் நெற்றி என்ற சொல் எனக்கு உறைத்தது. தன் கையை ஒருவன் பார்க்கலாம், காலைப் பார்க்கலாம். தன் நெற்றியைத் தானே பார்க்க முடியாது. ஆசாரியரெல்லாரும் பார்த்தார்கள் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. அவர்கள் கண்டு சொல்லித்தான் அவனுக்கு அது தெரிய வந்திருக்கும். சோதித்துப் பார்க்கப் பார்க்கப் புதைகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி, நமக்கு நாமே ஆசாரியராக இருக்க முயலும்போது அப்படித்தான் ஆகும். உங்கள் சபையில் உங்களை உண்மையாக நேசிக்கிற ஒருவரிடம், அசனப் பந்தியில் புகழ்ந்தவரிடம் அல்ல, நடந்ததைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் விலகிப் போவதுபோல் தோன்றினாலும். அதே உசியா மரணமடைந்த வருஷத்தில்தான் ஏசாயா தீர்க்கதரிசி ஆண்டவரைச் சிங்காசனத்தின்மேல் கண்டார். ஏசாயா எதையும் கையில் எடுத்துக்கொண்டு பலிபீடத்தை நோக்கி நடக்கவில்லை. "அசுத்த உதடுகளுள்ள மனுஷன்" என்று நின்ற இடத்திலேயே நடுங்கினார். பலிபீடத்து நெருப்பு அவரிடம் தானே வந்தது. சேராபீன் என்னும் தூதர்களில் ஒருவன் அதைக் குறட்டால் எடுத்துவந்து அவர் வாயைத் தொட்டான். நெருப்பைத் தானே ஏந்திப் போனவன் குஷ்டரோகியாய் ஒரு தனி வீட்டில் செத்தான். நெருப்பு தேடி வந்து தொட்ட மனிதரோ அனுப்பப்பட்டார்.

குழுவை விட்டு விலகாதீர்கள். விலகினால் அந்த விலகலையும் உங்கள் மனம் ஒரு பதக்கமாக மாட்டிக்கொள்ளும். யோவான்ஸ்நானனுக்கும் இதே சோதனைதான் வந்தது. "எல்லாரும் அவரிடத்தில் போகிறார்கள்" என்று சீஷர்கள் வந்து இயேசுவைக் குறித்து முறையிட்டார்கள். யோவானோ தம்மை மணவாளனுடைய தோழன் என்றார். தோழன் அருகே நின்று மணவாளனுடைய சத்தத்தைக் கேட்டு மிகவும் சந்தோஷப்படுகிறான் என்றார். "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்பது அந்தச் சந்தோஷத்திலிருந்து வந்த வார்த்தை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதல்ல. நீங்களும் அன்று அருகே நின்று ஒரு சத்தத்தைக் கேட்டீர்கள். அந்தச் சத்தம் நன்றாக இருந்ததற்காக நீங்கள் சந்தோஷப்படும் நாளுக்காக நான் ஜெபிக்கிறேன்.


மறுமொழி
பதிவிட்டவர்: சபை அங்கத்தினர், பெண்கள் ஐக்கியம்

சகோதரர் அவர்களுக்கு வணக்கம். ஆசிரியர் ஐயா எழுதியதை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் தாழ்மை என்ற சொல்லைப் பற்றி ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்த உரையாடல் எனக்குக் குறைபட்டதாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஐக்கியக் கணக்கில் வரவுக்கும் இருப்புக்கும் பொருத்தமில்லாமல் இருந்தது. நான் எழுந்து நின்று அதைக் கேட்டேன். பதில் வரவில்லை. கூட்டம் முடிந்தபின் ஒரு மூத்தவர் என்னைத் தனியே அழைத்து, "சகோதரி, கொஞ்சம் தாழ்மையைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். நான் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய், என் பெருமைக்காக மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன். கேள்வி கேட்டது பெருமையல்ல என்று உணர எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆகவே, பெருமையைப் பற்றிய எச்சரிக்கை பேசப்படும்போதெல்லாம் அது யார் வாயிலிருந்து யாரை நோக்கி வருகிறது என்று பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

தாழ்மையைப் பற்றி நாம் அதிகம் எடுத்துப் பேசும் வசனங்கள் பவுல் பிலிப்பியருக்கு எழுதியவை: "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்." பிலிப்பி எப்படிப்பட்ட ஊர் என்பது தெரிந்தால்தான் இந்த வரியின் பாரம் தெரியும். கி.மு. 42-இல் அங்கே நடந்த பெரும்போருக்குப் பின் ரோமப் போர்வீரர்களைக் குடியேற்றிய பட்டணம் அது. ரோமக் குடியுரிமையே அங்கே மானமும் மரியாதையும். கிரேக்க மொழியில் தாழ்மையைக் குறிக்கும் சொல், அந்நாளைய மக்களின் காதில், அடிமையின் இழிநிலையைக் குறிக்கும் சொல்லாகவே விழுந்தது; அதை ஒரு நற்குணமாக யாரும் பாராட்டிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட ஊரில், கிறிஸ்து "அடிமையின் ரூபமெடுத்து" வந்தார் என்று எழுதுவது எவ்வளவு துணிச்சலான காரியம்!

ஆனால் இதே பவுல், இதே பிலிப்பியில், அடிக்கப்பட்டுச் சிறையில் இருந்தபின், அதிகாரிகள் அவரையும் உடனிருந்த சீலாவையும் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, போக மறுத்தார். விசாரிக்காமல் ரோமராகிய எங்களை வெளியரங்கமாக அடித்தார்களே, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்து அவர்களிடம் தயவாய்ப் பேசி அழைத்துக்கொண்டு போனார்கள். இதைப் பெருமை என்று எவரும் சொல்ல முடியாது. அந்த ஊரில் பிறந்திருந்த சிறு சபைக்கு அது பாதுகாப்பாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கொலோசெயருக்கு எழுதும்போது "மாயமான தாழ்மை" என்று ஒன்று உண்டு என்றும் அவரே எச்சரிக்கிறார்.

சகோதரரே, உங்கள் காரியம் இதிலிருந்து வேறுபட்டது. உங்களை யாரும் அநியாயமாக அடக்கவில்லை. ஆனால் குருவானவர் கேட்ட அன்றே, "எனக்கு இது வருத்தமாக இருக்கிறது ஐயா, 22 வருஷம் செய்த வேலை" என்று நீங்கள் சொல்லியிருந்தால், அது உண்மையான வார்த்தையாக இருந்திருக்கும். வருத்தத்தைச் சொல்வது பெருமை ஆகிவிடாது. சொல்லாமல் விழுங்கிய வருத்தம்தான் பின்வரிசைப் பெஞ்சில் அப்படி வெளிப்பட்டது என்று எனக்குப் படுகிறது.


மறுமொழி
பதிவிட்டவர்: தஞ்சை வாசகர்

மேலே உள்ள இரண்டு மறுமொழிகளும் ஒரு மனிதன் தன் உள்ளத்தில் உணர்ந்த பெருமையைப் பற்றியவை. உணர்ந்ததனால் அவருக்கு வேதனை. உணரவே உணராத ஒரு பெருமையைப் பற்றியும் நாம் பேச வேண்டும், ஏனென்றால் தமிழ்ச் சபைகளில் அதுதான் நெடுங்காலம் கேள்வி கேட்பாரின்றி உட்கார்ந்திருந்தது.

1833-இல் கல்கத்தாவின் பேராயராக இருந்த டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே முற்றிலும் ஒழிக்கப்பட வேண்டும் என்று கடிதம் எழுதினார். ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக உட்காருவதும், திருவிருந்தில் முன்னவர் பின்னவர் என்று வரிசை பார்ப்பதும் அதுவரை வழக்கமாகவே இருந்தன. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அநேகர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்கள் பக்தியற்றவர்கள் அல்லர். மூன்று நான்கு தலைமுறைகளாக வேதம் வாசித்து, கீர்த்தனை பாடி, உபவாசம் இருந்தவர்கள். தங்களைப் பெருமைக்காரர்கள் என்று அவர்களில் ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள்; முன்னோர் வழக்கத்தைக் காப்பதாகவே நினைத்திருப்பார்கள்.

பவுல் கொரிந்தியரிடம் கேட்டது இது: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" குரல் வளத்தைப் பெற்றுக்கொண்டதாக ஒருவர் ஒப்புக்கொள்வது ஓரளவு எளிது, பிறப்பும் பெற்றுக்கொண்டதுதான் என்று நம் வாய் சொன்னாலும், மகனுக்குப் பெண் தேடும்போது கை வேறு விளம்பரம் எழுதுகிறது. கல்லறைத் தோட்டத்தில் தனிச்சுவர் இருந்த ஊர்களை நம்மில் பலர் அறிவோம். இயேசு சொன்ன உவமையில் ஆலயத்தில் ஜெபித்த பரிசேயன் தன் பெருமையைத் தேவனுக்கு ஸ்தோத்திரமாகவே ஏறெடுத்தான் என்பதை மறக்க வேண்டாம். "மற்ற மனுஷரைப்போல" இராததற்காக அவன் நன்றி சொன்னான். நம் குடும்ப ஜெபங்களில் எத்தனை நன்றிகள் இந்த வகையைச் சேர்ந்தவை என்று நான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சகோதரர் தம் நெஞ்சில் ஒரு கணம் எழுந்த தீய சந்தோஷத்துக்காக இவ்வளவு துக்கப்படுகிறார். அந்தத் துக்கத்தை நான் மதிக்கிறேன். அதில் ஒரு பங்கு நம் எல்லோருக்கும் இதற்காகவும் வர வேண்டும்.


மறுமொழி
பதிவிட்டவர்: இளைய வாசகி

அண்ணன் அவர்களுக்கு, உங்கள் பதிவில் குருவானவர் என்ன சொன்னார், மூப்பர் என்ன சொன்னார், நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதெல்லாம் இருக்கிறது. குரல்கள் பிசிறிய பிறகு அந்தத் தம்பிக்கு எப்படி இருந்தது என்று ஒரு வரி கூட இல்லை. நான் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் சபையில் சங்கீதம் வாசிக்கும்போது ஒரு முறை நடுவில் தடுமாறி நின்றவள் நான். அன்று என்னிடம் யாரும் வந்து பேசவில்லை. நீங்கள் அவனோடு பேசினீர்களா?


மறுமொழி
பதிவிட்டவர்: டெனர் குரல்

எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். தங்கை கேட்ட கேள்விக்கு, "இல்லை" என்பதே அன்றைய பதில். அவனோடு பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை வாசித்தபோதுதான், பெருமையை விட்டொழிக்க நான் பட்ட பாட்டிலும் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை என்று கண்டேன்.

முதல் பதிவில் நான் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. எங்கள் குழுவுக்கென்று ஒரு டியூனிங் ஃபோர்க் (தட்டினால் ஒரே சுருதியைத் தரும் உலோகக் கவை) உண்டு; பழையது, காம்பில் துரு ஏறியது. பயிற்சியின்போது கீபோர்டில் சுருதி எடுப்போம், பண்டிகையன்று மட்டும் அந்த ஃபோர்க். பாட்டைத் தொடங்குமுன் முழங்காலில் தட்டிக் காதருகே வைத்து, நான் "டோ" என்று முனகினால், அதிலிருந்து நான்கு குரல்களும் தங்கள் சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பண்டிகையன்று அது என் சட்டைப்பையில் இருந்தது. மறந்துவிட்டேன் என்றுதான் என்னிடமே சொல்லி வந்தேன். அவன் திரும்பிப் பார்த்தான் என்று எழுதியிருந்தேன். அவன் பார்த்தது என்னைத்தான். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அவன் நினைவிலிருந்து சுருதி எடுத்தான், ஏறக்குறைய ஒரு சுரம் மேலே போய்விட்டது. அந்தச் சுருதியில் இரண்டாம் சரணத்தின் உச்சியை எங்கள் டெனர்களால் எட்ட முடியாது. எனக்கு அது முதல் வரியிலேயே தெரியும்.

ஆசிரியர் ஐயா சொன்னபடி முதலில் இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பண்டிகையிலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மட்டும் தெரிந்தது" என்றாள். மறுநாள் குருவானவரிடம் போய், அன்று எனக்கு வருத்தமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

சனிக்கிழமை பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆலயத்துக்குப் போனேன். அவன் பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். நானும் ஒரு பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. ஃபோர்க்கை எடுத்து அவன் கையில் வைத்து, "அன்றைக்கு இது என்னிடம்தான் இருந்தது, தம்பி" என்றேன்.

"தெரியும் ஐயா" என்றான் அவன். "சட்டைப்பையில் தெரிந்தது."

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை, நான்தான் மீதியைச் சொன்னேன். இரண்டாம் சரணத்தில் சந்தோஷப்பட்டதையும் சொன்னேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து, ஃபோர்க்கை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்துக்கொண்டான். நான் டெனர் வரிசையில் போய் நின்றேன்.